ஐந்நூறு வயதுப் புத்தகம் எந்தெந்தக் கைகளில் இருந்தது?

1480ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹில்ப்ராண்ட் பிராண்டன்பர்க் என்ற தென்ஜெர்மானியப் பாதிரியார் தம் நூல்களை புக்ஸ்ஹைம் மடத்துத் துறவிகளுக்குக் கொடையாகக் கொடுத்தார். அவற்றில் சிறு சீட்டு ஒன்று ஒட்டப்பட்டது. வானதூதர் ஒருவர் கேடயம் ஏந்தியிருக்கிறார். கேடயத்தில் ஒரு காளை. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டிய சீட்டு அது. உரிமையாளரைச் சொல்வதற்காக அச்சிடப்பட்ட சீட்டுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1803இல் ஜெர்மானிய மடங்களின் சொத்துகள் பறிக்கப்பட்டபோது புக்ஸ்ஹைம் நூலகம் பிரபுக் குடும்பங்களின் கைக்குப் போனது. 1883இல் மியூனிக்கில் ஏலம் விட்டார்கள். நூல்கள் திசைக்கொன்றாகச் சிதறின. இன்று ஒரு விற்பனைப் பட்டியலில் அந்தக் காளை தலைகாட்டினால், அந்தப் பிரதி நடந்து வந்த நானூறு ஆண்டு வழி பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எல்லாப் பிரதிகளும் இவ்வளவு எளிதில் வாய் திறப்பதில்லை. அவற்றைப் பேசவைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நூல் சேர்க்கப் பணம் வேண்டும். அதன் தடத்தைத் தேடப் பொறுமை போதும். புதிதாக வருபவர்கள் பொறுமையில் தொடங்கிப் பணத்துக்குப் போவது நல்லது. தலைகீழாகத் தொடங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்.

முதலில் வேலி போடுங்கள்

அச்செழுத்தோடு படமும் சேர்ந்து வந்த, ஆண்டு குறிக்கப்பட்ட முதல் நூல் 1461இல் பாம்பெர்க் நகரில் ஆல்பிரெக்ட் ப்ஃபிஸ்டர் அச்சிட்ட நீதிக்கதைத் தொகுப்பு. அதை வாங்கும் கனவு வேண்டாம். அந்த வகை நூல்கள் நூலகங்களின் பெட்டகங்களில் நிலைத்துவிட்டன. 1500ஆம் ஆண்டு முடியும் வரை ஐரோப்பாவில் அச்சானவற்றை இன்குனாபுலா என்கிறார்கள். இலத்தீனில் தொட்டில் பருவம் என்று பொருள். புதியவர்கள் அந்தச் சொல்லுக்கே மயங்கி, மோசமான பிரதியைக்கூட வாரிக்கொள்கிறார்கள். 1499இல் அச்சான படமில்லாத இலக்கண நூலைவிட 1550இல் அச்சான படம் நிறைந்த மூலிகை நூல் பல மடங்கு சுவையானது.

ஆகவே பரப்பைச் சுருக்குங்கள். ஒரு நகரம், ஓர் அச்சகம், ஒரு பொருள் என்று எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் 1542இல் பாசலில் வெளியிட்ட மூலிகை நூலில் 500க்கும் மேற்பட்ட செடிகளின் படங்கள் உண்டு. படம் வரைந்தவர், கட்டைக்கு மாற்றியவர், செதுக்கியவர் என மூன்று கலைஞர்களின் உருவங்களும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. அந்தக் காலத்தில் அரிதான மரியாதை அது. முதற்பதிப்பு எட்டாத உயரத்தில் இருக்கும். அதன் வழியில் பின்னால் வந்த சிறிய அளவுப் பதிப்புகள் அவ்வளவு உயரத்தில் இல்லை. 1531இல் அவுக்ஸ்பர்கில் தொடங்கிய உருவகப் பட நூல்கள் (படமும் பாட்டும் சேர்ந்து நீதி சொல்பவை), பாசலில் 1544 முதல் வந்த செபாஸ்டியன் மூன்ஸ்டரின் உலக வருணனை ஆகியவையும் தொடக்கத்துக்கு ஏற்ற நிலங்கள்.

வாங்கும் முன் கண் பழக வேண்டும்

உங்கள் துறையில் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒரே பதிப்பின் மூன்று பிரதிகளை நூலகங்களின் இணையப் படங்களில் பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். பவேரிய அரசு நூலகமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் பழைய பட நூல்கள் பலவற்றை இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. எந்தப் பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது என்று அறிய, பிரிட்டிஷ் நூலகம் உருவாக்கிய ஐ.எஸ்.டி.சி. என்ற இன்குனாபுலா பட்டியலைப் பாருங்கள். ஏறத்தாழ 30,000 பதிப்புகள் அதில் பதிவாகியிருக்கின்றன. பெர்லினிலிருந்து நடக்கும் ஜெர்மானியப் பட்டியல் இன்னும் விரிவாக விவரிக்கும். 16ஆம் நூற்றாண்டுக்கு யூ.எஸ்.டி.சி. என்ற இணையப் பட்டியல் உதவும்.

மூன்று பிரதியும் மூன்று விதமாக இருப்பதைப் பார்த்து முதலில் குழம்புவீர்கள். ஒன்றில் வண்ணம், இன்னொன்றில் கறுப்பு வெள்ளை. ஒன்றின் ஓரங்களில் யாரோ எழுதித் தள்ளியிருப்பார், இன்னொன்று கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். இந்தக் குழப்பத்தில்தான் சேகரிப்பாளரின் கல்வி தொடங்குகிறது. ஒரே நாளில் ஒரே அச்சகத்தை விட்டுப் புறப்பட்ட பிரதிகள் அதன்பின் தனித்தனி வாழ்க்கை வாழ்ந்திருக்கின்றன.

1493இல் நியூரம்பெர்கில் அன்டன் கோபெர்கர் அச்சிட்ட ஹார்ட்மன் ஷெடலின் உலக வரலாறு பயிற்சிக்கு ஏற்றது. நூற்றுக்கணக்கான பிரதிகள் எஞ்சியிருப்பதால் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். அதில் 1,809 படங்கள். ஆனால் செதுக்கப்பட்ட கட்டைகள் 645 மட்டுமே. ஒரே கட்டை ஒரு பக்கத்தில் ஓர் ஊராகவும் மற்றொரு பக்கத்தில் வேறோர் ஊராகவும் வேடம் போடும். ஓர் அரசரே நான்கு அரசர்களாக வருவார்.

இந்த நூலின் தாள் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு தனித்தாளை நான் முன்பு வாங்கினேன். அளந்து பார்த்தபோது உயரம் இடித்தது. அவுக்ஸ்பர்கில் யோஹான் ஷோன்ஸ்பெர்கர் 1496 முதல் அனுமதியின்றிச் சிறிய அளவில் நகலெடுத்து வெளியிட்ட பதிப்பின் தாள் அது. விற்றவர் ஏமாற்றினாரா, அவருக்கே தெரியவில்லையா என்பது இன்றுவரை விளங்கவில்லை. அளவுகோல் என் பையில் கிடந்தும் எடுக்காதது என் தவறு.

தனித்தாள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முழு நூலைப் பிரித்துப் படத்தாள்களாக விற்பது பழைய வழக்கம், இன்றும் நடக்கிறது. பிரித்த கணத்தில் அட்டை, சீட்டு, கையெழுத்து எல்லாம் தாளிலிருந்து அறுந்துபோகும். படம் மட்டும் போதும் என்பவர்கள் வாங்கட்டும். முந்தைய உரிமையாளரைத் தேடும் ஆசை உள்ளவர்கள் சிதைந்திருந்தாலும் முழு நூலாக வாங்குவதே மேல்.

படமும் தாளும்

மரச்செதுக்குப் படத்தில் கோடுகள் மேடாக நிற்கும். மை பூசி, எழுத்தோடு சேர்த்து ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். செப்புத்தகட்டில் கோடுகள் பள்ளம். மை பள்ளத்தில் தங்கும். வேறொரு அச்சுப்பொறி, வேறொரு அழுத்தம் வேண்டும். தகட்டின் விளிம்பு தாளில் ஒரு செவ்வகப் பதிவை விட்டுச் செல்லும். பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து விளக்கொளி விழும்படி பார்த்தால் வேறுபாடு தெரியும்.

இந்த இரட்டை வேலை எவ்வளவு தொல்லை தந்தது என்பதற்கு 1481இல் ஃபிளாரென்சில் வந்த, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியப் பதிப்பு சாட்சி. போட்டிச்செல்லியின் ஓவியங்களை ஒட்டி காவியத்தின் நூறு படலங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் என்பது திட்டம். செதுக்கியதோ 19 தகடுகள். பெரும்பாலான பிரதிகளில் இரண்டு மூன்று படங்களே உண்டு. அப்படி ஒரு பிரதி கிடைத்தால் படங்கள் காணாமல் போயின என்று பேரம் பேசக் கிளம்பாதீர்கள். அது பிறந்ததே அப்படித்தான்.

எது பிறவிக் குறை, எது பின்னால் வந்த இழப்பு என்று சொல்ல ஒரே வழி, தாள்களை எண்ணுவது. அச்சுக்கூடத்தில் பாரம் என்று சொல்வோமே, அந்த மடிப்புத் தொகுதிகளின் அடியில் ஏ, பி, சி என்று எழுத்தும் எண்ணும் இருக்கும். இலத்தீன் அரிச்சுவடியில் 23 எழுத்துகளே கணக்கு. ஜே, டபிள்யூ இரண்டும் இருக்காது, யூவுக்கும் வீக்கும் சேர்த்து ஓர் இடம்தான். இது தெரியாமல் ‘ஜே பாரம் இல்லை’ என்று பதறியவர்கள் உண்டு. பட்டியலில் சொல்லப்பட்ட பாரங்களோடு ஒவ்வொரு தாளாக ஒத்துப்பாருங்கள். முதல் தாள், கடைசித் தாள், மடித்து வைத்த பெரிய படம் ஆகியவைதான் முதலில் பறிபோகும். 1486இல் மைன்ஸில் வந்த பிரைடென்பாக்கின் புனிதப் பயண நூலில் வெனிஸ் நகரக் காட்சி ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளும். அது முழுதாக இருக்கும் பிரதி அபூர்வம்.

இல்லாத தாளுக்குப் பதில் நகல் தாள் வைத்துக் கட்டுவதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹாரிஸ் என்ற கலைஞர் பேனாவால் வரைந்த நகல்தாள்கள் அச்சிலிருந்து பிரித்தறிய முடியாதவை என்று பெயர் பெற்றவை. இங்கே நமக்கு உதவுவது இராமபாணப் பூச்சி. அது துளைத்த வழி தாள் தாளாகத் தொடர வேண்டும். 40ஆம் தாளிலும் 42ஆம் தாளிலும் துளை இருந்து 41இல் மட்டும் இல்லையென்றால், 41 வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஒளியில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியும் கம்பிக் கோடுகளும் அடுத்த சாட்சிகள். ஒருமுறை மடித்த பெரிய அளவில் கம்பிக் கோடு நெடுக்காகவும், இருமுறை மடித்ததில் குறுக்காகவும் ஓடும்.

வண்ணம் பழையதா என்று பார்க்கப் பச்சை நிறத்தைத் தேடி, தாளைத் திருப்புங்கள். செம்பிலிருந்து செய்த பச்சை நாளடைவில் தாளை அரித்து, பின்பக்கத்தில் பழுப்பாக ஊறியிருக்கும். பளிச்சென்ற பச்சையும் பின்னால் மாசுமறுவற்ற தாளும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முந்தைய கைகளின் தடங்கள்

இனி நமக்குப் பிடித்த வேலை. நூலைத் திறக்காமல் வெளியிலிருந்து தொடங்குங்கள். அட்டையில் பொன் முத்திரையாகக் குடும்பச் சின்னம் இருக்கலாம். மையில்லாமல் சூட்டால் தோலில் பதித்த பூக்கள், மிருகங்கள் இருக்கலாம். 15ஆம் நூற்றாண்டுக் கட்டுநர்களின் முத்திரைக் கருவிகள் ஜெர்மானிய நூற்கட்டுத் தரவுத்தளத்தில் படத்தோடு தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே கருவி எந்த ஊர்ப் பட்டறையில் இருந்தது என்று கண்டுபிடித்தால் நூலின் முதல் முகவரி கிடைக்கும். பக்கங்களின் வெளி விளிம்பில் மையால் எழுதிய தலைப்பு, நூல் ஒரு காலத்தில் விளிம்பு வெளியே தெரியும்படி அடுக்கப்பட்டிருந்ததைச் சொல்லும். மர அட்டையின் ஓரத்தில் துருப்பிடித்த ஆணித்துளை இருந்தால், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நூலோ என்று ஐயுறலாம்.

பிறகு அட்டையின் உட்புறம். கட்டுநர்கள் வேண்டாத பழைய கையெழுத்துச் சுவடித் துண்டுகளை அங்கே ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் ஒரு சீட்டு, அதன் அடியில் இன்னொரு சீட்டின் விளிம்பு. பிய்த்துப் பார்க்கக் கை பரபரக்கும். கூடாது. சாய்வொளியில் படமெடுங்கள், அதற்கு மேல் வேண்டுமானால் தேர்ந்த பாதுகாப்பாளரிடம் கொடுங்கள்.

சீட்டில் குடும்பச் சின்னம் இருந்து பெயர் இல்லையென்றால் கோடுகளைப் படியுங்கள். நெடுக்குக் கோடு சிவப்பு, குறுக்குக் கோடு நீலம், புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி. இந்த முறை 1630களில்தான் பரவலாயிற்று. ஆகவே இப்படிக் கோடிட்ட சீட்டு 1500ஆம் ஆண்டு நூலில் இருந்தால், அது பிற்காலத்து உரிமையாளருடையது.

முதல் பக்கத்தின் மேல்விளிம்பில் மடங்களின் பெயர் எழுதப்பட்டிருக்கும். ‘எக்ஸ் லிப்ரிஸ்’ என்றால் இன்னாருடைய நூல்களிலிருந்து. ‘சும்’ என்று தொடங்கினால் நூலே ‘நான் இன்னாருடையவன்’ என்கிறது. ‘டோனும்’ என்றால் கொடை. அடுத்து வந்தவர் முந்தையவரின் பெயரை அடித்தோ சுரண்டியோ வைத்திருப்பார். புறஊதா விளக்கைக் காட்டினால் மங்கிய பழைய மை பல நேரங்களில் கறுத்துத் தெரியும். சிறிய கைவிளக்கு ஒன்று போதும். நூறு ஆண்டாக யாரும் படிக்காத பெயர் இருட்டறையில் மெல்ல எழுந்து வருவதைப் பார்த்தவர்கள் இந்தப் பைத்தியத்திலிருந்து மீள்வது கடினம்.

அழிப்பும் ஒரு தடம்தான். திருச்சபை தடைசெய்த ஆசிரியர்களின் நூல்களில் தணிக்கையாளர்கள் வரிகளைக் கறுப்பு மையால் மூடினார்கள். மூன்ஸ்டர், எராஸ்மஸ் போன்றவர்களின் பெயரே அடிக்கப்பட்ட பிரதிகள் உண்டு. தணிக்கை செய்தவர் தம் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அந்த நாளில் நூல் எந்த ஊரில் இருந்தது என்பது கிடைத்துவிட்டது. 1499இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் வெளியிட்ட போலிஃபிலோவின் கனவு நூலில் கருவளக் கடவுள் பிரியாபஸின் படத்தைப் பல உரிமையாளர்கள் சிதைத்திருக்கிறார்கள். விற்பவர் அதைக் குறை என்பார். எனக்கு அந்தக் கறை பிடிக்கும்; வெட்கப்பட்ட ஒரு மனிதர் அங்கே இருந்திருக்கிறார்.

முத்திரைகளைப் பார்த்ததும் திருட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். நூலகங்கள் இரட்டைப் பிரதிகளை விற்றதுண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அப்படி விற்றவற்றில் 1787 என்று ஆண்டோடு விற்பனை முத்திரை குத்தியது. சில முத்திரைகள் கதையே சொல்லும். லண்டன் ராயல் சொசைட்டியின் ஒரு முத்திரையில் ‘நார்ஃபோக்கின் ஹென்றி ஹோவர்டின் கொடை’ என்று இலத்தீனில் இருக்கும். அவருடைய பாட்டனார் அருண்டெல் பிரபு 1636இல் நியூரம்பெர்க் அறிஞர் பிர்க்ஹைமரின் நூலகத்தை வாங்கியவர். அதற்காக அந்த முத்திரை உள்ள நூலெல்லாம் பிர்க்ஹைமருடையது என்று துள்ளாதீர்கள். பிரபு வேறு இடங்களிலும் வாங்கினார். பிர்க்ஹைமருக்காக ஓவியர் ட்யூரர் வரைந்த சீட்டு உள்ளே இருந்தால் துள்ளலாம்.

பெயர் கிடைத்த பின்

இலத்தீன் ஊர்ப்பெயர்கள் ஏமாற்றும். ‘அர்ஜென்டினா’ என்று எழுதியிருந்தால் அது ஸ்ட்ராஸ்பர்க். ‘லுக்துனும்’ லியோன்; அதோடு ‘பத்தாவோரும்’ சேர்ந்தால் லெய்டன். உரிமையாளர் பெயர்களைத் தேட, ஐரோப்பிய ஆய்வு நூலகங்களின் கூட்டமைப்பான செர்ல் நடத்தும் பெயர்க் களஞ்சியமும், இன்குனாபுலா பிரதிகளின் தடங்களை மட்டும் தொகுக்கும் எம்.ஈ.ஐ. தரவுத்தளமும் இலவசம். உங்கள் நூலில் உள்ள அதே கையெழுத்து வேறொரு நாட்டு நூலகத்தின் நூலிலும் பதிவாகியிருக்கலாம்.

வரலாற்றின் பெரிய பூகம்பங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கிலாந்தில் மடங்கள் கலைக்கப்பட்ட 1536–1540, இயேசு சபை ஒடுக்கப்பட்ட 1773, பிரெஞ்சுப் புரட்சியின் பறிமுதல்கள், 1803. மடத்துப் பெயருக்கும் தனியார் சீட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை இந்த ஆண்டுகளில் ஒன்று பெரும்பாலும் நிரப்பும். அதற்குப் பிறகு ஏலப் பட்டியல்கள். ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் சேர்த்த பழைய பட நூல்களை அவர் இறந்த மறு ஆண்டு, 1897இல், ரிச்சர்ட் பென்னட் என்பவர் மொத்தமாக வாங்கினார். வேண்டாதவற்றை 1898இல் ஏலத்துக்கு அனுப்பினார். வைத்துக்கொண்டவை 1902இல் அமெரிக்க வங்கி அதிபர் பியர்பான்ட் மார்கனிடம் போயின. ஆகவே மாரிஸின் சீட்டோடு ஒரு நூல் சந்தைக்கு வந்தால் முதலில் புரட்ட வேண்டியது 1898 ஏலப் பட்டியலை.

புகழ்பெற்ற பெயர் கிடைத்தால் இரண்டு மடங்கு சந்தேகம் வேண்டும். கோப்பர்னிக்கஸின் வானியல் நூலின் 1543, 1566ஆம் ஆண்டுப் பதிப்புகளில் ஏறத்தாழ 600 பிரதிகளைத் தேடிப் பதிவுசெய்த வானியல் வரலாற்றாளர் ஓவன் கிங்கரிச்சின் அனுபவம் ஒரு பாடம். பிராகில் உள்ள ஒரு பிரதியின் ஓரக்குறிப்புகள் புகழ்பெற்ற வானியலாளர் டைகோ பிராஹே எழுதியவை என்று கருதப்பட்டு நகற்பதிப்பே வெளிவந்திருந்தது. கிங்கரிச்சும் ராபர்ட் வெஸ்ட்மன் என்ற வரலாற்றாளரும் ஆராய்ந்தபோது, அந்தக் கை பவுல் விட்டிக் என்ற, அதிகம் அறியப்படாத கணித அறிஞருடையது என்று தெரிந்தது.

தடமே போலியாக இருக்கலாம். கலிலியோவின் 1610ஆம் ஆண்டு வானியல் நூலின் பிரதி ஒன்று 2005இல் சந்தைக்கு வந்தது. நிலவின் படங்கள் அச்சாக இல்லாமல் நீர்வண்ணத்தில், கலிலியோவின் கையெழுத்து, முதற்பக்கத்தில் கலிலியோவின் நண்பர் ஃபெதெரிகோ சேசியின் நூலக முத்திரை. நிபுணர்கள் ஆய்வகத்தில் சோதித்து உண்மை என்றார்கள். வரலாற்றாளர் நிக் வைல்டிங் அந்த முத்திரையைச் சேசியின் மற்ற நூல்களில் உள்ளதோடு ஒப்பிட்டார், ஒத்துவரவில்லை. 2012இல் முழு நூலும் போலி என்று உறுதியானது. அதைச் செய்தவர் நேப்பிள்ஸின் ஜிரோலாமினி நூலகத்துக்கு இயக்குநராக அமர்ந்து, அங்கிருந்த நூல்களையே சூறையாடித் தண்டனை பெற்றார்.

எனவே பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது: தலைப்புப் பக்கத்தில் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் தாள் வெளுத்தோ, வெட்டி ஒட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நூல் விற்பனையாளர்களின் சர்வதேசச் சங்கம் நடத்தும் திருட்டு நூல் பட்டியலில் தேடுங்கள். 1933 முதல் 1945 வரை நூல் எங்கே இருந்தது என்று கேளுங்கள். யூதக் குடும்பங்களிடமிருந்து பறிக்கப்பட்ட நூல்கள் இன்னும் சந்தையில் உலவுகின்றன. ஏற்றுமதி அனுமதி தேவைப்படும் நாடுகளிலிருந்து வாங்கினால் அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் முகம் சுளித்தால் நூலை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

வாங்கிய பின்

வெள்ளைக் கையுறை வேண்டாம். அது தாளைக் கிழிக்கும். கழுவி உலர்த்திய கை போதும். நூலை 180 பாகைக்கு விரிக்காமல், இருபுறமும் தாங்கு வைத்துத் திறங்கள். வெயிலும் ஈரமும் படாத இடம், ஏறி இறங்காத வெப்பநிலை. பழுதுபார்க்கக் கொடுத்தால், பழைய முதுகுத் தோல், ஒட்டுத் தாள், தையல் நூலின் துணுக்கு எதையும் எறியக்கூடாது, எல்லாவற்றையும் உறையிலிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தாள்களை வெளுக்கச் சொல்லாதீர்கள். பென்சில் குறிப்புகள் அழுக்காகத் தெரியலாம். அவற்றுள் ஒன்று விற்பனையாளரின் சங்கேத விலையாகவோ ஏல எண்ணாகவோ இருக்கும்.

ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு கோப்பு தொடங்குங்கள். ரசீது, பட்டியலில் வந்த விவரணை, ஒவ்வொரு தடத்தின் படம், அதை நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்ற குறிப்பு. உறுதியானதையும் ஊகத்தையும் வேறு வேறு மையில் எழுதுங்கள். பத்து ஆண்டு கழித்து எது எது என்று உங்களுக்கே மறந்துபோகும். படிக்க முடியாத வரியைப் படிக்க முடியாதது என்றே எழுதி வையுங்கள். கோப்பை நூலுக்குள் செருகாமல் தனியே வையுங்கள். தாளின் அமிலம் பழைய பக்கத்தில் பழுப்பாகப் படியும்.

உங்கள் பெயரையும் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம். பின் அட்டையின் உட்புறத்தில், ஒரு மூலையில், மெல்லிய பென்சிலால், பெயர், ஊர், வாங்கிய ஆண்டு. பேனா வேண்டாம்.